ஸ்கேனில் "கட்டி" என்று வந்தால்...
சினைப்பை நீர்க்கட்டி பற்றி நம் குழுப் பெண்களுக்குச் சில விவரங்கள்



குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்கும்போது காரணம் சொல்ல வேண்டும். "மருத்துவச் செலவு" என்று சொல்வோம், ஊக்குநரும் தீர்மான நோட்டில் அப்படியே எழுதிவிடுவார். அந்த இரண்டு வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாக, "மேடம், எனக்கு வயித்துல கட்டியாம், எடுக்கணுமாம்" என்று சொல்வார். கையில் ஒரு ஸ்கேன் கவர் இருக்கும். எந்த இடத்தில் கட்டி, எவ்வளவு பெரிசு, என்ன வகை என்று கேட்டால் தெரியாது. "கட்டின்னு சொன்னாங்க, ஐம்பதாயிரம் ஆகும்னு சொன்னாங்க." இது இரண்டும் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

ஆனைக்குட்டம், திருத்தங்கல், ஆமத்தூர் பக்கம் எங்கே போனாலும் இந்தப் பேச்சு வருகிறது. அதனால் இந்த மாதம் சினைப்பை நீர்க்கட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வீட்டில் வயதுக்கு வந்த மகள் இருந்தால் அவளையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். அடிவயிற்றில் நடுவில் இருப்பது கர்ப்பப்பை. குழந்தை வளர்வதும், மாதாமாதம் தீட்டு வருவதும் அதிலிருந்து. அதன் இரண்டு பக்கமும், ஒரு நெல்லிக்காய் அளவில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. முட்டை உருவாவது அங்கேதான். பெண்ணுக்குரிய ஹார்மோன்கள் சுரப்பதும் அங்கேதான். கர்ப்பப்பையின் சதையில் வருகிற கட்டியை ஃபைப்ராய்டு என்பார்கள், நம் பக்கம் சதைக்கட்டி என்று சொல்வோம். அது வேறு வியாதி, அதற்கு வைத்தியமும் வேறு. இந்தக் கட்டுரை சினைப்பையில் வருகிற நீர்க்கட்டியைப் பற்றியது. "எனக்கும் கட்டி, உனக்கும் கட்டி, எனக்கு எடுத்தாங்க, நீயும் எடுத்துரு" என்று மதினி சொல்வதை வைத்து முடிவு பண்ணக் கூடாது என்பது இதற்காகத்தான்.

தானாக வந்து தானாகப் போகும் கட்டி

மாதவிலக்கு வந்த பிறகு சினைப்பைக்குள் சிறு சிறு முட்டைப் பைகள் வளர ஆரம்பிக்கும். அதில் ஒன்று முந்திக்கொண்டு திராட்சை அளவுக்கு, சுமார் 2 செ.மீ. வரை நீர் கோர்த்துப் பெரிதாகும். 28 நாளுக்கு ஒரு முறை விலக்காகிறவர்களுக்கு 14ஆம் நாள் வாக்கில் அது வெடித்து முட்டை வெளியே வரும். இது ஒவ்வொரு மாதமும் நடக்கிற வேலை. அதாவது மாதாமாதம் ஒரு சின்ன நீர்ப்பை நமக்குள் உண்டாகி உடைவது இயற்கைதான்.

சில மாதம் அந்தப் பை வெடிக்காமல் இன்னும் நீர் சேர்ந்து 3, 4, 5 செ.மீ. என்று வளர்ந்துவிடும். சில மாதம் முட்டை வெளியேறிய பிறகு மிச்சமிருக்கிற பை மூடிக்கொண்டு நீரோ இரத்தமோ தேங்கும். விலக்கு வருகிற வயதுப் பெண்களுக்கு ஸ்கேனில் தெரிகிற நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான். இரண்டு மூன்று விலக்குக்குள் தானாக வற்றிப் போய்விடும். கர்ப்பம் தரித்த முதல் மாதங்களில் ஸ்கேன் எடுக்கும்போது சினைப்பையில் நீர்க்கட்டி என்று வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். நாலு மாதம் ஆகும்போது அது காணாமல் போயிருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. தானாகப் போகிற கட்டிக்குக் கழற்சிக்காய்ப் பொடி சாப்பிட்டவர், "கழற்சிக்காய்தான் கரைச்சுது" என்பார். மந்திரித்துக் கயிறு கட்டியவர் கயிறு என்பார். இங்கிலீஷ் மாத்திரை சாப்பிட்டவர் மாத்திரை என்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். கருத்தடை மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளிலும், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் கட்டி ஒரே மாதிரிதான் கரைந்திருக்கிறது. புதுக் கட்டி வராமல் இருக்கவும், விலக்கை ஒழுங்குபடுத்தவும், வலிக்கும் அந்த மாத்திரையை டாக்டர் கொடுக்கலாம், அது வேறு விஷயம். கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், எதற்கு என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

தானாகப் போகாத கட்டிகள்

எல்லாமே தானாகப் போகும் என்று சொல்லி உங்களை வீட்டில் உட்கார வைப்பது என் நோக்கம் இல்லை. போகாத வகைகளும் உண்டு.

ஒன்று டெர்மாய்டு கட்டி. இளவயதுப் பெண்களுக்கு அதிகம் வருவது. இதை அறுத்துப் பார்த்தால் உள்ளே கொழுப்பு, முடி, சில சமயம் பல் கூட இருக்கும். "என் மருமக வயித்துல முடி இருந்துச்சு, யாரோ மருந்து வச்சுட்டாங்க" என்று சொல்லி மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப் போன குடும்பம் உண்டு. யாரும் எதுவும் வைக்கவில்லை. தோல், முடி, பல், எலும்பு எதுவாகவும் ஆகக்கூடிய சக்தி முட்டையாகும் செல்லுக்கு இருக்கிறது. அந்தச் செல் வழிதவறி வளர்ந்தால் உண்டாவதுதான் இந்தக் கட்டி. பத்தில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான், ஆனால் கரையாது, கனமாக இருப்பதால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு பற்றிக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று சாக்லேட் கட்டி. கர்ப்பப்பையின் உள்பக்கம் இருக்க வேண்டிய திசு சினைப்பையில் ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயும் இரத்தம் கசிந்து, பழைய இரத்தம் தேங்கிக் கருஞ்சிவப்பாக இருப்பதால் இந்தப் பெயர். விலக்கு நாளில் சுருண்டு படுக்கும் அளவு வலி, வருஷம் போகப் போக வலி கூடுவது, கணவனோடு சேரும்போது ஆழத்தில் வலி, குழந்தை தங்காமல் தள்ளிப் போவது, இவையெல்லாம் அதன் அடையாளம். "பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று நம் ஆச்சிமார் சொல்லிச் சொல்லியே இந்த வியாதி பத்து வருஷம் மறைந்து கிடக்கும். வேலைக்குப் போக முடியாத அளவு விலக்கு வலி இருப்பது சாதாரணம் இல்லை, காட்ட வேண்டும்.

மூன்றாவது, சினைப்பையின் மேல்தோலில் உண்டாகி வளர்ந்துகொண்டே போகும் கட்டி. நீர் மாதிரி திரவமோ, கொழகொழப்பான திரவமோ உள்ளே இருக்கும். வலியே இல்லாமல் வயிறு பெரிதாகும். தொப்பை போட்டுவிட்டது என்று நினைப்போம். கல்யாணமாகாத பெண் என்றால் ஊர் வேறு மாதிரி பேசும். இந்தப் பேச்சுக்குப் பயந்து மகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் தாய்மார்களிடம் நான் சொல்வது, ஒரு ஸ்கேன் எடுத்தால் ஊர் வாயை அடைத்து விடலாம், பிள்ளையும் பிழைத்துக் கொள்ளும்.

இந்த மாதிரிப் பெரிய கட்டிதான் உலகத்தில் வயிற்று ஆபரேஷனுக்கே வழி காட்டியது. 1809ஆம் வருஷம் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில், எஃப்ரைம் மெக்டவல் என்ற டாக்டர் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்ணுக்கு ஆபரேஷன் செய்தார். அந்த அம்மா நிறைமாதம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலம். குதிரையில் 60 மைல் வந்து, மேஜையில் படுத்து, முழு நினைவோடு அந்த ஆபரேஷனைத் தாங்கினார். எடுத்த கட்டி 10 கிலோவுக்கு மேல். 25 நிமிஷத்தில் முடிந்தது. அதன்பிறகு 30 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே செத்துப்போன பெண்களைப் பார்த்து மனம் வருந்தி, மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். பிறகு லண்டனிலும் படித்துத் திரும்பி, 1885இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமானார். அதுதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பெண்களின் வயிற்று ஆபரேஷனில் பேர் வாங்கியவர் அவர். கூச்சத்தால் உயிர் போன காலம் அது. அந்தக் கூச்சம் இன்னும் நம்மிடம் பாதி மிச்சம் இருக்கிறது.

பி.சி.ஓ.டி. என்பது இது இல்லை

காலேஜ் படிக்கும் மகள் உள்ள வீடுகளில் இப்போது இந்தப் பெயர் அடிபடுகிறது. இதையும் தமிழில் "நீர்க்கட்டி" என்றே சொல்லிவிட்டதால் வந்த குழப்பம். 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தல் என்ற இரண்டு டாக்டர்கள் முதலில் எழுதி வைத்தது இது. ஸ்கேனில் சினைப்பை ஓரத்தில் பாசிமணி கோர்த்த மாதிரி சின்னச் சின்ன நீர்ப்பைகள் தெரியும். அவை கட்டியே இல்லை, பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள். கோளாறு ஹார்மோனிலும், உடம்பு இன்சுலினைப் பயன்படுத்தும் விதத்திலும் இருக்கிறது. விலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப் போவது, முகத்தில் மீசை தாடி மாதிரி முடி, பருக்கள், எடை கூடுவது ஆகியவை இதன் அடையாளம். பிற்காலத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பும் அதிகம். இதற்கு நடை, எடைக் குறைப்பு, தேவையான மாத்திரை என்றுதான் வைத்தியம். "நீர்க்கட்டியை எடுத்துரலாம்" என்று பி.சி.ஓ.டி.க்கு யாராவது சொன்னால் வேறொரு டாக்டரையும் கேளுங்கள்.

உடம்பு என்ன சொல்லும்?

பல பேருக்கு ஒன்றுமே சொல்லாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியும். சிலருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்த மாதிரி கனம், வயிறு உப்புசம், அடிக்கடி ஒன்றுக்குப் போகத் தோன்றுவது, மலச்சிக்கல், சேரும்போது வலி, விலக்கு முன்னே பின்னே ஆவது ஆகியவை இருக்கும்.

சரம் பின்னுகிறவர்கள், குழாய் உருட்டுகிறவர்கள் நாள் முழுக்கச் சம்மணம் போட்டோ குந்தியோ உட்கார்ந்திருக்கிறோம். கக்கூஸ் சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்கை அடக்கி வைக்கிறோம். அதனால் இடுப்பு வலி, அடிவயிற்றுக் கனம், நீர்க்கடுப்பு எல்லாம் நமக்குப் பழகிப்போய், எது வேலையால் வந்தது, எது கட்டியால் வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. ஒரு சின்ன வழி சொல்கிறேன். தீபாவளி முடிந்து ஆபீஸ் லீவு விட்டு, உட்கார்ந்து செய்யும் வேலை இல்லாத இரண்டு வாரத்திலும் அதே வலி அதே பக்கத்தில் இருந்தால், அதை வேலை மேல் போடாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய வலி

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

கட்டியின் கனத்தால் சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்வது உண்டு. 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில் இது அதிகம். காம்பு முறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சினைப்பை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். திடீரென்று, ஒரே பக்கம், தாங்க முடியாத வலி வரும். கூடவே குமட்டலும் வாந்தியும். சில சமயம் வலி விட்டு விட்டு வரும், விட்டதும் சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவோம். வலது பக்கம் வந்தால் குடல்வால் வலி மாதிரியே இருக்கும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கைப் பிரித்துவிட்டால் சினைப்பையைக் காப்பாற்றலாம். 14, 15 வயதுப் பிள்ளைக்கும் இது வரும்.

நம் ஊரில் இந்த வலிக்கு என்ன செய்வோம்? வாய்வுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுப்போம். குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் போட்டு வயிற்றை வழித்து விடச் சொல்வோம். உள்ளே கட்டி இருக்கும் வயிற்றை அழுத்தி வழித்தால் கட்டி உடையலாம். மெடிக்கலில் வலி ஊசி போடச் சொல்வோம், வலி அடங்கும், முறுக்கு அடங்காது. இவற்றில் போகிற ஒவ்வொரு மணி நேரமும் சினைப்பையின் ஆயுள்.

கட்டி உள்ளுக்குள் உடைவது இன்னொன்று. கனமான வேலைக்குப் பிறகோ, உடலுறவுக்குப் பிறகோ சுருக்கென்று வலி வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். ஆனால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் தலைசுற்றல், கண் இருட்டுவது, வேர்த்துக் கொட்டுவது, தோள்பட்டை வலி என்று வரும். அது ஆபத்து. விலக்குத் தள்ளிப் போயிருக்கும்போது இந்த வலி வந்தால் கருக்குழாயில் கர்ப்பம் தரித்து வெடித்திருக்கலாம், அது அதைவிடப் பெரிய ஆபத்து. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அரிதாக இது வரும். அதனால் டாக்டர் ஒன்றுக்குப் பரிசோதனை செய்யச் சொன்னால், "எனக்கா? கேவலமா நினைக்கிறாங்களே" என்று கோபப்பட வேண்டாம். எல்லோருக்கும் கேட்கிற கேள்விதான்.

இப்படி வலி வந்தால் 108க்குப் போன் செய்யுங்கள். சாப்பாடு, காப்பி எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். ஆபீஸில் வேலையில் இருக்கும்போது வந்தால், சாயந்திரம் கம்பெனி வேன் கிளம்பும்வரை ஓரமாகப் படுக்க வைக்காதீர்கள். போர்மேனிடம் சொல்வதற்குக் கூச்சம் என்றால் பக்கத்தில் வேலை செய்யும் பெரியம்மா யாராவது சொல்லட்டும்.

ஸ்கேன் காகிதம்

ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் இருக்கும். இருந்தாலும் நாலு விஷயத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். பக்கத்தில் படித்த பிள்ளை இருந்தால் போதும்.

முதலில் அளவு. "55" என்று பார்த்துவிட்டு 55 செ.மீ. என்று அழுதவர் உண்டு. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் மில்லி மீட்டரில் போடுவார்கள். 55 என்றால் ஐந்தரை செ.மீ., ஒரு பெரிய எலுமிச்சம்பழம். அடுத்து, வெறும் நீர் மட்டும் உள்ள மெல்லிய தோல் கட்டியா ("சிம்பிள் சிஸ்ட்" என்று இருக்கும்), இல்லை உள்ளே தடுப்பு, கெட்டியான பகுதி எல்லாம் இருக்கிறதா ("காம்ப்ளக்ஸ்", "சாலிட்" என்று இருக்கும்). மூன்றாவது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா. நாலாவது, வயிற்றுக்குள் நீர் கோர்த்திருக்கிறதா.

விலக்கு வருகிற வயதில், வெறும் நீர்க்கட்டி 5 செ.மீ.க்குள் என்றால் பொதுவாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. டாக்டர் சந்தேகப்பட்டால் இரண்டு மூன்று விலக்கு கழித்து, விலக்கு முடிந்த கையோடு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். 5லிருந்து 7 செ.மீ. என்றால் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக் கவனித்து வர வேண்டும். 7 செ.மீ.க்கு மேல், அதாவது சாத்துக்குடி அளவுக்கு மேல் என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ ஆபரேஷனோ தேவைப்படலாம். பெரிய வலி கொடுத்தாலும், வளர்ந்துகொண்டே போனாலும், உள்ளே கெட்டியான பகுதி இருந்தாலும் அளவைப் பார்த்துக் காத்திருக்க மாட்டார்கள். ஊசி குத்தி நீரை மட்டும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப நிரம்பிவிடும், அது தீர்வு இல்லை.

சி.ஏ.125 என்று ஒரு இரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். 35க்கு மேல் என்றால் அதிகம். உடனே கேன்சர் என்று நினைத்துவிட வேண்டாம். இளவயதில் சாக்லேட் கட்டி, சதைக்கட்டி, விலக்கு நாள், வயிற்றில் டி.பி. என்று எதற்கும் அது ஏறும். குறிப்பாக வயிற்று டி.பி. நம் நாட்டில் கேன்சர் மாதிரியே வேஷம் போடும். விலக்கு நின்றவர்களுக்குத்தான் அந்த எண் கூடுதல் அர்த்தம் உள்ளது.

ஆபரேஷன் என்றால் எதை எடுப்பது?

எனக்கு மனசு பொறுக்காத இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

குழந்தை பெறும் வயதில், சாதாரணக் கட்டிக்குச் செய்ய வேண்டியது கட்டியை மட்டும் உரித்து எடுத்து, சினைப்பையை விட்டு வைப்பது. லேப்ராஸ்கோப் மூலம் சின்னத் துளை போட்டும் செய்யலாம். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வரலாம், ஆபீஸுக்கும் சீக்கிரம் திரும்பலாம். ஒரு சினைப்பையே எடுக்க நேர்ந்தாலும் இன்னொன்று இருந்தால் விலக்கும் வரும், குழந்தையும் தங்கும்.

ஆனால் நம்மிடம் சொல்லப்படுவது என்ன? "ரெண்டு பிள்ளை ஆயிருச்சுல்ல, கர்ப்பப்பையை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? மொத்தமா எடுத்துட்டா தொல்லை இல்ல." சில சமயம் டாக்டர் சொல்வதற்கு முன்னாடி நாமே கேட்கிறோம். விலக்கு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகிறது. குரோஸ் கணக்குக் கூலியில் மூன்று நாள் என்பது சின்ன நஷ்டம் இல்லை. அந்தக் கணக்கில் கர்ப்பப்பை ஒரு இடைஞ்சலாகத் தெரிகிறது.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்கள், ஒரு நாள் வராவிட்டால் அபராதம் என்ற ஒப்பந்தத்தில் வேலை செய்தார்கள். 2019இல் அந்த மாநில அரசு அமைத்த குழு சுமார் 82 ஆயிரம் பெண்களைக் கணக்கெடுத்தது. அதில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாமல் நடந்த இதே ஆபரேஷன்களை எதிர்த்து நரேந்திர குப்தா என்ற டாக்டர் தொடர்ந்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பு சொன்னது. மத்திய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டு விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடக்க வேண்டும், தேவையில்லாமல் செய்யும் ஆஸ்பத்திரிகள் மேல் நடவடிக்கை வேண்டும் என்றது.

சினைப்பை நீர்க்கட்டிக்குக் கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியமே இல்லை. கர்ப்பப்பையை எடுத்த பிறகும், சினைப்பை இருக்கிறவரை அதில் கட்டி வரலாம். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டாலோ, 35 வயதுப் பெண்ணுக்கு மறுநாளே விலக்கு நின்ற நிலை வந்துவிடும். உடம்பு திகுதிகு என்று எரியும், தூக்கம் வராது, மனசு காரணமில்லாமல் உடைந்து போகும். எலும்பு தேயும், இருதய நோய்க்கும் இடம் கொடுக்கும். "பை எடுத்ததுல இருந்து இடுப்பே இல்ல மேடம்" என்று சொல்லும் அக்காமார் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். என்னென்ன எடுத்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டு கூட இல்லை.

அதனால் ஆபரேஷன் என்று சொன்னால் பயமில்லாமல் கேளுங்கள். கட்டி என்ன வகை? காத்திருந்து பார்த்தால் என்ன ஆகும்? கட்டியை மட்டும் எடுப்பீர்களா, சினைப்பையையுமா? எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். இப்பவே அட்வான்ஸ் கட்டுங்கள் என்று அவசரப்படுத்தினால், உயிருக்கு ஆபத்தான வலி இல்லாத பட்சத்தில், ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சிவகாசி அரசு மருத்துவமனைக்கோ போய் மகப்பேறு டாக்டரிடம் இன்னொரு கருத்து கேளுங்கள். விருதுநகர் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது.

விலக்கு நின்ற பிறகு

இங்கே கணக்கு மாறுகிறது. முட்டை உருவாகாத வயதில் புதிதாகக் கட்டி வந்தால் அலட்சியம் கூடாது. அப்போதும் சின்ன, வெறும் நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சி.ஏ.125 சரியாக இருந்தால் 4லிருந்து 6 மாதம் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கெட்டியான பகுதி இருந்தாலோ, இரண்டு பக்கமும் இருந்தாலோ, வயிற்றில் நீர் கோர்த்திருந்தாலோ கேன்சர் ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம்தான் போக வேண்டும். கேன்சர் கட்டியை உடைக்காமல் முழுசாக எடுக்க வேண்டும், அரைகுறையாகச் செய்தால் பரவும்.

சினைப்பைக் கேன்சர் சத்தமில்லாமல் வருவது. ஐம்பது தாண்டிய அம்மாவுக்கோ அத்தைக்கோ வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, ரெண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்து போகிறது, அடிவயிறு வலிக்கிறது, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறார், இது புதிதாக ஆரம்பித்து மாதத்தில் பாதி நாள் இருக்கிறது என்றால் கேஸ் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஸ்கேன் எடுங்கள். அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ கேன்சர் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பணத்துக்கு

மீட்டர் வட்டிக்கு வாங்குவதற்கு முன்னால் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆபீஸில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு ஓய்வெடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, வருஷத்துக்கு 91 நாள் வரை பணமும் உண்டு. அதற்கு அரையாண்டில் 78 நாளாவது உங்கள் பெயரில் பணம் கட்டியிருக்க வேண்டும். நீங்கள் வேலைக்கு வந்த நாளெல்லாம் ரெஜிஸ்டரில் ஏறியிருக்கிறதா என்பதை ஆபரேஷன் நேரத்தில் போய்ப் பார்த்தால் பிரயோஜனமில்லை, இப்போதே பாருங்கள்.

வீட்டில் உட்கார்ந்து குழாய் உருட்டுகிறவர்களுக்கு, தீப்பெட்டி ஒட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. இருக்காது. அவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. எல்லா ஆஸ்பத்திரியும் அதில் கிடையாது, எல்லா ஆபரேஷனும் எல்லா இடத்திலும் கிடையாது. அட்மிட் ஆவதற்கு முன்னாடி 1800 425 3993 என்ற இலவச நம்பரில் கேட்டுவிடுங்கள். பணம் கட்டிய பிறகு அட்டையைக் காட்டினால் திரும்ப வாங்குவது கஷ்டம். உடம்பு சம்பந்தமாகச் சந்தேகம் கேட்க 104.

குழுவிலும் ஒன்று செய்யலாம். திடீர் வலி வந்தவருக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல், ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டு அவசரக் கடன் கொடுத்துவிட்டுப் பிறகு தீர்மானம் எழுதிக் கொள்ளலாம் என்று இந்த மாதக் கூட்டத்திலேயே முடிவு செய்து வையுங்கள். எந்தத் தொகை வரை என்பதையும் அப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள். பழைய ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வையுங்கள். மழைக்காலத்தில் நனைந்துவிடுகிறது.